பக்கத்துல இருக்கிறவருக்கு எதுக்கு மணி? டெஸ்க்டாப் 'பீப்' சத்தத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு சத்தத்தைப் பத்தி. 'பீப்.' அவ்வளவுதான்.

பழைய டெஸ்க்டாப்பை ஆன் பண்ணினதும் டப்பாவுக்குள்ள இருந்து வருமே, அந்த பீப். ஒரே நேரத்துல பத்து கீயை அழுத்திட்டா கோபமா கத்துமே, அந்த பீப். டெர்மினல்ல வேலை பார்க்கிறவங்களுக்கு, டேப் கீயை ஒரு தடவை கூடுதலா தட்டினா கேட்குமே, அதுவும் இதேதான். இதுல பெரிய கொடுமை என்னன்னா, ஸ்பீக்கர் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போனாலும் இது அடங்காது. ஹெட்போன் மாட்டினாலும் அடங்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு வீடே தூங்கும்போது அது பாட்டுக்குக் கத்தும்.

"இதை எப்படி நிறுத்துறது?" 40 வருஷத்துக்கும் மேலா கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க கேட்டுக்கிட்டே இருக்கிற கேள்வி இது. பதில்கள் நிறைய வந்திருக்கு. ஆனா அந்தப் பதில்களை வரிசையா அடுக்கிப் பார்த்தா, உள்ளே வேற ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கிறது தெரியும். இந்த மணி யாருக்காக அடிக்குது?

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே'ன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. மணிங்கிறது தூரத்துல இருக்கிறவங்களுக்கானது. யானைக்குப் பக்கத்துலயே நிக்கிறவருக்கு மணி எதுக்கு? பீப்போட மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு வரிக்குள்ள இருக்கு.

நிஜமான மணி

கம்ப்யூட்டருக்கு முன்னாடி டெலிபிரிண்டர் இருந்தது. ஒரு ஊர்ல ஒருத்தர் டைப் அடிப்பார், இன்னொரு ஊர்ல இருக்கிற மெஷின் அதைக் காகிதத்துல தானா அடிச்சுத் தள்ளும். அந்தப் பக்கம் மெஷின் முன்னாடி ஆள் உட்கார்ந்திருக்கணும்னு அவசியம் இல்ல. அதுதான் அதோட வசதியே. ஆனா அவசரச் செய்தி வந்தா? ஆளைக் கூப்பிடணும். அதுக்குத்தான் மணி.

இது உருவகம் இல்ல. மெஷினுக்குள்ள உலோகத்துல ஒரு மணியும், அதைத் தட்ட ஒரு குட்டிச் சுத்தியும் இருந்தது. கம்பி வழியா எழுத்துகள் போற மாதிரியே, 'மணி அடி'ன்னு ஒரு கட்டளையும் போகும். 1930-களில் உலக அளவில் தரப்படுத்தப்பட்ட டெலிபிரிண்டர் குறியீட்டிலேயே மணிக்கு ஒரு இடம் இருந்தது. செய்தி நிறுவனங்கள் இதை ஒரு மொழியாவே பயன்படுத்தினாங்க. சாதாரணச் செய்தின்னா மெஷின் சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கும். பெரிய செய்தின்னா மணி சில தடவை அடிக்கும். ரொம்பப் பெரிய செய்தின்னா இன்னும் அதிக தடவை. நியூஸ் ரூம் முழுக்க எழுந்து ஓடிவரும்.

அந்த மணியை யாரும் தொல்லைன்னு நினைச்சிருக்க வாய்ப்பில்ல. அறையோட அந்தக் கோடியில டீ குடிச்சுக்கிட்டு இருந்தவரை அது சரியான நேரத்துல கூப்பிட்டது.

ஏழாம் நம்பர்

1963-ல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்ற குறியீடு வெளியானது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'வுக்கு 65, இடைவெளிக்கு 32. முதல் 32 எண்கள், அதாவது 0 முதல் 31 வரை, எழுத்துகளே இல்லை. மெஷினுக்கான கட்டளைகள். வரியை மாற்று, வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டு போ, இந்த மாதிரி. அதில் 7-ஆம் எண்ணுக்குப் பெயர் 'பெல்'.

அதே 1963-ல் 'டெலிடைப் மாடல் 33' வந்தது. நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். பிறகு நிறைய கம்ப்யூட்டர்களுக்கு இதுதான் கீபோர்டு, இதுதான் 'ஸ்கிரீன்'. கண்ட்ரோல் கீயோட 'ஜி'யை அழுத்தினா 7-ஆம் எண் போகும், அந்தப் பக்கம் டிங். ஏன் 'ஜி'? ஆங்கில வரிசையில ஏழாவது எழுத்து. அவ்வளவுதான் லாஜிக்.

அப்புறம் காகிதம் போய் கண்ணாடித் திரை வந்தது. 1978-ல் டெக் நிறுவனம் வெளியிட்ட 'விடி100' அந்தக் காலத்து டெர்மினல்களில் ரொம்பப் பிரபலம். அதில் சுத்தி இல்ல, உலோக மணி இல்ல. ஆனா 7-ஆம் எண் வந்தா ஏதாவது பண்ணியாகணுமே? ஒரு எலக்ட்ரானிக் பீப் போட்டாங்க.

இங்கதான் கதை திரும்புது. டெலிபிரிண்டர் முன்னாடி ஆள் இல்லாம இருக்கலாம். விடி100 முன்னாடி ஒருத்தர் உட்கார்ந்து டைப் அடிச்சுக்கிட்டே இருக்காரு. அவரைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்ல, அங்கேயேதான் இருக்காரு. அதனால மணியோட வேலை மெதுவா மாறிப் போச்சு. "இங்க வாங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த மணி, "நீங்க பண்ணினது தப்பு"ன்னு சொல்ல ஆரம்பிச்சது. யுனிக்ஸ்ல 'விஐ' எடிட்டர் பயன்படுத்தினவங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே கமாண்ட் மோடுல இருக்கும்போது எஸ்கேப் கீயை அழுத்தினா பீப். நஷ்டம் எதுவும் இல்ல, எதுவும் அழியல. ஆனாலும் ஒரு குட்டு.

ஒரே அறையில 20 டெர்மினல் இருக்கிற காலேஜ் லேபை யோசிச்சுப் பாருங்க. உங்க தப்பு அறைக்கே கேட்கும்.

வால்யூம் இல்லாத ஸ்பீக்கர்

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன்னுடைய பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. மாடல் எண் 5150. இன்னைக்கு நம்ம மேசையில இருக்கிற பெரும்பாலான டெஸ்க்டாப்புகளுக்கு இதுதான் பாட்டன். அதுக்குள்ள இரண்டேகால் அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது.

அந்த ஸ்பீக்கரை ஓட்டினது சவுண்ட் கார்டு இல்ல. இன்டெல் 8253 என்ற டைமர் சிப். அதுக்குள்ள மூணு கவுன்டர் உண்டு. முதலாவது, நொடிக்குச் சுமார் 18 தடவை துடிச்சு கம்ப்யூட்டரோட கடிகாரத்தை ஓட்டும். ரெண்டாவது, மெமரியில இருக்கிறது அழிஞ்சு போகாம அடிக்கடி புதுப்பிக்க வைக்கும். மூணாவது ஸ்பீக்கருக்கு. அதாவது நேரம் எண்ணுற வேலைக்கு வந்த சிப்ல மிச்சமிருந்த ஒரு கவுன்டரை எடுத்து, இதுலயே சத்தமும் போட்டுக்கலாம்னு செஞ்ச ஏற்பாடு.

அந்தச் சிப்புக்கு ஸ்பீக்கர்கிட்ட சொல்லத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஆன், ஆஃப். நொடிக்கு 896 தடவை ஆன்-ஆஃப் பண்ணினா அதுதான் ஐபிஎம்மோட பிரபலமான பீப். சுருதியை மாத்தலாம், எவ்வளவு நேரம்னு மாத்தலாம். ஆனா 'கொஞ்சம் மெதுவா' என்பதற்கு அங்கே வழியே இல்லை. திருகவும் ஒரு குமிழ் வைக்கல. உங்க வால்யூம் பட்டனுக்கு அந்தக் காலத்து பீப் ஏன் மசியலைன்னா காரணம் இதுதான். வால்யூம் சவுண்ட் கார்டோட சமாச்சாரம். பீப் வேற வழியில வந்தது.

இதை வெறும் சிக்கனம்னு ஒதுக்கிட முடியாது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், பயாஸ் முதல்ல தன்னைத்தானே சோதிச்சுப் பார்க்கும். மெமரி இருக்கா, டிஸ்பிளே கார்டு இருக்கா. எல்லாம் சரின்னா ஒரு சின்ன பீப். டிஸ்பிளே கார்டே செத்துப் போயிருந்தா? திரையில எழுதிக் காட்ட முடியாது. அப்போ ஐபிஎம் மெஷின் ஒரு நீள பீப், ரெண்டு குட்டி பீப் கொடுக்கும். டாக்டர்கிட்ட பேச முடியாத நோயாளி கையை அசைச்சுக் காட்டுற மாதிரி. மத்த எல்லாம் செத்த பிறகும் வேலை செய்யணும்னா, அந்த ஸ்பீக்கர் ரொம்ப எளிமையா இருக்கணும், யாரும் தெரியாம அணைச்சு வெச்சிருக்கவும் கூடாது.

பிறகு பயாஸ் எழுதின கம்பெனிகள் ஆளுக்கொரு சங்கேதம் வெச்சாங்க. ஏஎம்ஐ-ல மூணு பீப்புன்னா மெமரிக் கோளாறு. ஃபீனிக்ஸ்ல ஒன்று-ஒன்று-மூணுன்னு இடைவெளி விட்டு வரும். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல மெஷின் அசெம்பிள் பண்ணினவங்களுக்கு இதெல்லாம் காதாலேயே தெரியணும்.

ஆனா அதே ஸ்பீக்கரை எல்லா புரோகிராமும் தொட முடிந்தது. அதுதான் வினை. கீபோர்டு பஃபர்ல 15 கீ வரைக்கும்தான் சேர்த்து வைக்கும். அதுக்கு மேல அழுத்தினா பீப். ஐபிஎம் பேசிக்ல 'பீப்'னு ஒரு வரி எழுதினாலே கால் நொடி கத்தும். டாஸ்ல ஒரு புரோகிராம் ஃபைலைத் தெரியாம 'டைப்' கட்டளை கொடுத்துத் திறந்தா, திரை முழுக்கக் கன்னாபின்னா குறிகள் ஓடும், நடுநடுவுல பீப் பீப்னு அலறும். பேய் பிடிக்கல. அந்த ஃபைலுக்குள்ள எங்கெல்லாம் 7-ஆம் எண் இருக்கோ, அங்கெல்லாம் 1963-ல விதிச்ச மாதிரி கம்ப்யூட்டர் மணி அடிக்குது. அவ்வளவுதான்.

ஆக, உயிர் போற விஷயத்துக்கும் ஒரே பீப், கீயை வேகமா தட்டினதுக்கும் அதே பீப். எல்லாமே அவசரம்னு சொன்னா எதுவுமே அவசரம் இல்லன்னு ஆயிடும். ஜனங்க டப்பாவைத் திறந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாங்க.

சத்தம் இல்லாத மணி

பிடுங்குறதுக்கு நாகரிகமான மாற்று ஒன்று யுனிக்ஸ் உலகத்தில் வந்தது. பெயர் 'விஷுவல் பெல்'. மணி அடிக்க வேண்டிய இடத்துல திரை ஒரு கணம் மின்னி அடங்கும். சேதி உங்களுக்கு வந்துடும், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது.

1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் ஒரு படி மேல யோசிச்சது. அதுல வால்யூமைக் குறைக்க முடியும். பூஜ்யத்துக்குக் கொண்டு போனா, பீப்புக்குப் பதிலா மேலே இருக்கிற மெனு பட்டை கண் சிமிட்டும். தனியா செட்டிங் தேட வேண்டாம். "சத்தம் வேணாம்"னு நீங்க சொன்னதை, "எனக்கு எதுவுமே சொல்லாதே"ன்னு அந்த மெஷின் எடுத்துக்கல. காது கேட்காதவங்களுக்கும் அதே ஏற்பாடு உதவியது.

ஆப்பிளோட பீப்புக்கு ஒரு கோர்ட் கதையும் உண்டு, சொல்லாம விட முடியாது. பீட்டில்ஸ் இசைக்குழுவோட கம்பெனி பெயரும் ஆப்பிள். இசைத் தொழில் பக்கம் வரமாட்டோம்னு கம்ப்யூட்டர் ஆப்பிள் அவங்களுக்கு 1981-ல ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தது. மெக்கின்டாஷ் இசை போட ஆரம்பிச்சதும் வழக்கு வந்தது. 1991-ல் 'சிஸ்டம் 7' தயாரானபோது, எச்சரிக்கை ஒலிகளைச் செஞ்ச ஜிம் ரீக்ஸ்கிட்ட, ஒரு ஒலியோட பெயர் இசை சம்பந்தமா இருக்கு, மாத்துன்னு சொன்னாங்க. அவர் வெச்ச புதுப் பெயர் 'சோசுமி'. ஏதோ ஜப்பானியச் சொல்னு வக்கீல்கள்கிட்ட சொல்ல வெச்சார். வேகமா சொல்லிப் பாருங்க. "போய் கேஸ் போட்டுக்கோ"ன்னு இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி கேட்கும். ஒரு பீப்புக்குள்ள இவ்வளவு கடுப்பு.

லினக்ஸ்ல இன்னொரு வழி. அங்கே பிசி ஸ்பீக்கருக்கு கெர்னல்ல தனியா ஒரு மாட்யூல் உண்டு. அதைக் கழட்டிட்டா ஸ்பீக்கர் ஊமை. திரும்ப ஏறாம இருக்க பிளாக்லிஸ்ட்ல போட்டுடலாம். லினக்ஸ் நிறுவினதும் முதல் வேலையா இதைச் செய்யுற ஆட்கள் நிறைய பேர்.

போய், திரும்பி வந்த பீப்

விண்டோஸ்ல 'பீப்' என்றே ஒரு டிரைவர் இருந்தது. கமாண்ட் விண்டோவில் 'நெட் ஸ்டாப் பீப்'னு அடிச்சா அது நிக்கும். அடுத்த தடவை ஆன் பண்ணும்போது திரும்ப வரும். நிரந்தரமா நிறுத்த இன்னொரு கட்டளை. மைக்ரோசாஃப்ட்டே தன் டெவலப்பர் ஆவணங்களில் இந்த ரெண்டையும் எழுதி வைத்திருக்கிறது.

1989-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டரைத் தொடர்ந்து சவுண்ட் கார்டு சாதாரணமாச்சு. பழைய டைமர் சிப் வழியா சத்தம் போடுற ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்கள் மெல்லக் கைவிட்டாங்க. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ரெண்டிலும் 64-பிட் பதிப்பில் அந்த பீப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. தொல்லை தீர்ந்ததுன்னு நினைக்கலாம்.

ஆனா விண்டோஸ் 7-ல அதைத் திரும்ப எழுதினாங்க. இந்தத் தடவை பழைய சிப்புக்குப் போகாம, நீங்க பாட்டு கேட்கிற அதே ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போகும். வால்யூம் பட்டனுக்குக் கட்டுப்படும். ம்யூட் போட்டா அடங்கும். ஐபிஎம் பிசி வந்து ஏறக்குறைய 28 வருஷம் கழிச்சு, பீப்புக்கு வால்யூம் கிடைச்சது.

சரி, யாருக்கு இன்னும் பீப் தேவை?

பார்வை இல்லாத ஒருத்தர் பாஸ்வேர்டு அடிக்கிறார்னு வெச்சுக்குங்க. கேப்ஸ் லாக் தெரியாம விழுந்திருக்கு. கீபோர்டு ஓரத்துல எரியுற குட்டி விளக்கு அவருக்குத் தெரியாது. பாஸ்வேர்டு கட்டத்துல ஸ்கிரீன் ரீடரும் எழுத்தைப் படிச்சுச் சொல்லாது, சொல்லவும் கூடாது. மூணு தடவை தப்பா போனா அக்கவுண்ட் லாக். இதுக்காகவே விண்டோஸ்ல 'டாகிள் கீஸ்'னு ஒரு வசதி. கேப்ஸ் லாக் விழுந்தா ஒரு உயர்ந்த சத்தம், எடுத்தா ஒரு தாழ்ந்த சத்தம். இந்த மாதிரி வசதிகளை 1980-களில் இருந்து உருவாக்கியது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் தொடங்கின டிரேஸ் மையம். விண்டோஸ் 95-ல இருந்து இவை எல்லாக் கம்ப்யூட்டரிலும் உள்ளேயே வந்தன.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. நம்பர் லாக் கீயை 5 நொடி பிடிச்சிருந்தா, விண்டோஸ் இந்த டாகிள் கீஸைத்தான் போடப் பார்க்கும். வலது ஷிஃப்டை 8 நொடி பிடிச்சா 'ஃபில்டர் கீஸ்'. அது கை நடுக்கம் உள்ளவங்களுக்கானது. அது ஆன் ஆகிட்டா கீபோர்டு தட்டத் தட்ட பீப் பீப்புங்கும். "என் கம்ப்யூட்டர் திடீர்னு கத்த ஆரம்பிச்சிருச்சு"ன்னு வர்ற புகார்ல பல இதுதான். ஒருத்தருக்குத் தொல்லையா கேட்கிற அதே சத்தம், இன்னொருத்தருக்கு வேலையைச் செய்ய வைக்கிற சத்தம். அதை விண்டோஸில் இருந்தே தூக்கி எறிஞ்சா முதல் ஆளுக்கு நிம்மதி, ரெண்டாவது ஆளுக்கு வேலை போகும்.

அப்போ என்னதான் பண்ணலாம்?

முதல்ல, எது கத்துதுன்னு கண்டுபிடிங்க. டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கிற யுபிஎஸ்ஸாவும் இருக்கலாம். 2010-ஐ ஒட்டின மின்வெட்டு வருஷங்களை ஞாபகம் வெச்சிருக்கிறவங்களுக்கு, கரன்ட் போனதும் அது சில நொடிக்கு ஒரு தடவை கத்துறது மறக்காது. பல யுபிஎஸ்ஸில் அதை அடக்கவே ஒரு பட்டன் உண்டு. ஆனா பேட்டரி தீரப் போகும்போது பீப் வேகம் எடுக்கும், ஃபைலை சேவ் பண்ணச் சொல்லித்தான்.

டைப் அடிக்கும்போது மட்டும் வருதா? செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள போய் கீபோர்டு பகுதியைப் பாருங்க. டெர்மினல்ல மட்டும் வருதா? அந்த டெர்மினலோட பிரிஃபரன்ஸ்ல மணியை அணைங்க, இல்ல திரை மின்னலுக்கு மாத்துங்க. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்க வேண்டாம்.

ஆன் பண்ணும்போது வர்ற ஒத்தை பீப்பை, முடிஞ்சா விட்டுடுங்க. இப்போ வர்ற மதர்போர்டு பலதோட ஸ்பீக்கரே தர்றதில்ல, அதை மாட்டுறதுக்கான பின்கள் மட்டும் இருக்கும். அதுக்குப் பதிலா சில போர்டுகள்ல குட்டி விளக்குகள், சில லேப்டாப்ல மினுக்குற கேப்ஸ் லாக். அதுவும் இல்லாத மெஷின் ஒருநாள் காலையில திரை கறுப்பா நின்னுச்சுன்னா, அதுக்குச் சொல்ல வாயே இல்ல. ரேமைக் கழட்டித் துடைச்சு மாட்டினா சரியாகிற விஷயத்துக்கு டப்பாவைத் தூக்கிக்கிட்டு கடைக்கு அலையணும். மதர்போர்டுல மாட்டுற குட்டி ஸ்பீக்கருக்கு விலை ரொம்பக் கம்மி.

ஆப்பிள் கூட இதுல ஒரு சுத்து சுத்தி வந்தது. மெக் ஆன் ஆகும்போது வர்ற அந்த ஒலியை 2016 மேக்புக் புரோவில் எடுத்தாங்க. 2020-ல் 'பிக் சர்' வந்தபோது திரும்பக் கொடுத்தாங்க. கூடவே செட்டிங்ஸ்ல ஒரு டிக் பாக்ஸ். வேணும்னா வெச்சுக்குங்க, வேணாம்னா எடுத்துடுங்க.

அந்த டிக் பாக்ஸ் சின்ன விஷயமா தெரியும். 1963-ல மணி அடிக்கிற உரிமை அனுப்புறவர்கிட்ட இருந்தது. 1981-ல மெஷின்கிட்ட போச்சு. அந்த முடிவு கேட்கிறவர் கைக்கு வந்து சேர இவ்வளவு வருஷம் ஆச்சு. இன்னைக்கு நம்ம போன்ல ஒவ்வொரு ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும்போது யோசிக்காம 'சரி'ன்னு தட்டிடுறோம். அடுத்த தடவை தட்டுறதுக்கு முன்னாடி ஒரு நொடி நின்னு கேளுங்க: இந்த மணி என்னைக் கூப்பிடுதா, இல்ல பக்கத்துலயே நிக்கிற என்னை இடிக்குதா?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க வீட்டு மெஷின் என்ன மாதிரி கத்துதுன்னு எங்களுக்கு எழுதுங்க. எத்தனை நீளம், எத்தனை குட்டின்னு எண்ணி எழுதினா இன்னும் நல்லது.